ஆத்மாவுக்கு ஏது கண்?

1

போன வாரம் என் மகள் சுகன்யாவுக்குக் கார் ஓட்டப் பழகுவதற்கான லைசென்ஸ் வாங்கப் போயிருந்தோம். சிட்னியில் பதினாறு வயதானால் போதும். நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி வாசலில் யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். நம்பர் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். கூப்பிட்டதும் போனோம். கவுண்டரில் இருந்த பெண்மணி பெயர், விலாசம், பிறந்த தேதி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அதே குரலில், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இறந்துபோனால் உறுப்புகளைத் தானம் கொடுக்கச் சம்மதமா?" என்றார்.

சுகன்யா சூயிங்கம்மைக் கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு "யெஸ்" என்றாள்.

அவ்வளவுதான். அந்தம்மா ஒரு பட்டனைத் தட்டினார். "கேமராவைப் பார்" என்றார்.

எனக்கு உள்ளங்கை ஜில்லிட்டுவிட்டது. என்னைக் கேட்கவில்லையே என்பதால் இல்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மேற்குத் தாம்பரத்தில் ஒரு குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும் என்பதால்.

காரில் வரும்போது கேட்டேன். "ஏண்டி, யோசிக்காம சரின்னுட்டே?"

"யோசிக்க என்னம்மா இருக்கு? செத்தப்புறம் எனக்கு எதுக்கு அது?"

"ஆத்மான்னு ஒண்ணு இருக்கில்ல…"

அவளுக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் 'ஸோல்' என்றேன். என் உச்சரிப்பு எப்படி விழுந்ததோ, "மீனைச் சொல்றியா, ஷூவோட அடிப்பாகத்தைச் சொல்றியா?" என்று சிரித்தாள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அதே உச்சரிப்புதான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டத் தொடங்கினேன். அவளுடைய தாத்தா, என் அப்பா, இறந்தபோது அவளுக்கு நாலு வயது. அன்று காலையிலேயே அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எனக்கும் இதுவரை தோன்றவில்லை.

2

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். அப்பா படித்து வேலைக்கு வந்ததும் தாம்பரத்திலேயே இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்த அப்பாவை வயலில் இறங்கி உழைத்துப் படிக்க வைத்தது அவர்தான். அப்பா அவர் எதிரே உட்காரமாட்டார்.

பெரியப்பாவுக்கு ஒரே பெண், கமலா. பிறவியிலேயே பார்வை இல்லை. பெரியப்பா காட்டாத டாக்டர் இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை. சனிக்கிழமை தவறாமல் நரசிம்மரைச் சுற்றி வருவார். யாரோ ஜோசியர், "போன ஜென்மத்துல யாரோட கண்ணையோ பறிச்சிருக்கு இந்த ஆத்மா" என்று சொல்லிவிட்டார். அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கமலாவை வைத்துக்கொண்டே பேசுவார்கள். பெரியப்பாவும் மனம் வெறுத்துப்போகும்போது, "எந்தப் பாவத்தைப் பண்ணிட்டு என் வவுத்துல வந்து பொறந்தியோ" என்று விடுவார். அப்புறம் அவரே போய் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுப்பார்.

அப்பாவுக்கு ஒரு நண்பர் இருந்தார். தேவசகாயம் சார். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா காபி கொடுத்துவிட்டு, "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பாள். அவர்கள் இருவரும் வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை. உயிர் எது, உடம்பு எது, போனது எங்கே போகிறது.

ஒருமுறை பள்ளிக்கூடத்தில் கண் தானத்தைப் பற்றிப் பேச யாரோ டாக்டர் வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா என்னிடமும் சாரிடமும் சொல்லிவிட்டார். "நான் போனா கண்ணை எடுத்துக் குடுத்துடணும். நீதான் பார்த்துக்கணும், பத்மா. உங்கம்மா பயப்படுவா. ரவி எங்கண்ணன் பேச்சுக்கு ஆடிடுவான்." ரவி என் தம்பி.

தேவசகாயம் சார் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு இது சரியாப் படலை, வாத்தியாரே."

"ஏன்?"

"எங்க விசுவாசத்துல ஆத்துமா மட்டும் இல்ல, சரீரமும் எழும்பும். அன்னிக்கு இந்த உடம்போடதான் ஆண்டவர் முன்னாடி நிப்பேன்."

"மண்ணாப் போனதையே எழுப்புறவருக்கு ரெண்டு கண்ணு கஷ்டமா?"

"அவரால முடியும். ஆனா நானா எடுத்துக் குடுத்துட்டு, அப்புறம் திருப்பிக் குடுங்கன்னு அவர்கிட்ட எப்படிக் கேக்குறது?"

அப்பா சிரித்தார். "எங்களுக்கு அந்தச் சிக்கலே இல்ல சார். ஆத்மாவுக்கு ஏது கண்ணு? பார்க்கிறதுக்கு அதுக்கே ஒரு கண்ணு வேணும்னா, அப்புறம் அது என்ன ஆத்மா?"

பல ஞாயிற்றுக்கிழமைகள் இந்தச் சண்டை நடந்தது. ஒரு வாரம் சார் கோபித்துக்கொண்டு வரவே இல்லை. அடுத்த வாரம் வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

3

எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதக் காலையில், மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு வந்த அப்பா, "நெஞ்சை அடைக்குது" என்று கட்டிலில் படுத்தார். தெருமுனை டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

என் கணவர் வேலை விஷயமாகப் பம்பாயில் இருந்ததால் நானும் சுகன்யாவும் அப்பா வீட்டில்தான் இருந்தோம். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. நான் நாலு வீடு தள்ளியிருந்த பேங்க் மேனேஜர் வீட்டுக்கு ஓடிப்போய், நகரத்திலிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன்.

எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். "ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும் மேடம். வண்டி அனுப்புறோம். ஃபேனை நிறுத்திடுங்க. கண்ணை மூடி ஈரப் பஞ்சு வைங்க. தலைக்குத் தலையணை குடுங்க. வீட்ல எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"ஆமாம்" என்றேன்.

"அம்மா கையெழுத்துப் போடணும். இல்லன்னா நாங்க தொட மாட்டோம்."

"போடுவாங்க."

அம்மாவிடம் நான் இன்னும் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபேனை நிறுத்தினேன். ஈரப் பஞ்சு வைத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு சொன்னதையா பண்ணப் போறே?"

"ஆமாம்மா."

"சொல்லிட்டே இருப்பாரு. நான் காதுல வாங்கலடி." சரி என்று அவள் சொல்லவில்லை.

புழுக்கம் தாங்காமல் யாரோ ஃபேனைப் போட்டார்கள். நான் அணைத்தேன். மறுபடி போட்டார்கள். மறுபடி அணைத்தேன். "பொணத்துக்குக் காத்து ஆகாதா? இன்னாடி இது புதுசா?" என்றாள் ஒரு சொந்தக்காரி. பஞ்சு காயக் காயத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டே இருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் தாண்டி வண்டி வர வேண்டும். ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே வேறு நிற்க வேண்டும். வாசலில் ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் எழுந்து போனேன்.

வந்தது வண்டி இல்லை. வாடகைக் காரில் பெரியப்பாவும் கமலாவும் வந்து இறங்கினார்கள்.

4

நடுவில் இங்கத்திய கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிட்னியில் நாங்கள் அப்பாவின் திதியைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிடுகிறோம். இந்தியத் தேதிக்குச் செய்வதா, இங்கத்திய தேதிக்குச் செய்வதா என்று முதல் வருடம் பெரிய குழப்பம். ஆபீஸில் லீவு கிடைக்காததால் குழப்பம் தானாகத் தீர்ந்தது. சாம்பிராணி போட்டால் கூரையில் இருக்கும் நெருப்பு அலாரம் அலறும். சுகன்யா ஸ்டூல் போட்டு ஏறி, டவலால் வீசிக்கொண்டே நிற்பாள். காக்கைக்கு வைத்த சோற்றைக் கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகள் வந்து தின்றுவிட்டுப் போகும். "தாத்தா ஏம்மா கிளியா வந்துட்டார்?" என்று சின்ன வயதில் கேட்பாள். இப்போது அதுவும் கேட்பதில்லை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, டவலை மட்டும் வீசுகிறாள்.

அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. அன்று பெரியப்பாவுக்கு இருந்தது கவலைகூட இல்லை, பயம். அதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

5

பெரியப்பா தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கண்ணுல பஞ்சு வெச்சிகினு கீற?"

சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பஞ்சை எடுத்துச் சுவரோரம் எறிந்தார்.

"என் தம்பி கண்ணை நோண்டறதுக்கு ஆள் இட்டுகினு வரியா நீ?"

"அப்பாவோட ஆசை பெரியப்பா."

"உனுக்கு இன்னா தெரியும்? உடம்புல பட்டது உசுருல படும். கண்ணில்லாம அனுப்பினா கண்ணில்லாமதான் திரும்பி வருவான். இங்க எவனுக்கும் தெரியாது அது இன்னான்னு. எனுக்குத் தெரியும். என் வூட்ல ஒண்ணு கீதே, தெனம் பாக்குறேனே!"

கமலா என் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

ரவி என் கையைப் பிடித்தான். "விட்டுடுக்கா. பெரியப்பா மனசு கஷ்டப்பட்டு எதுவும் வேணாம். நான்தானே கொள்ளி வைக்கணும்? அவர் இல்லாம எப்படிச் செய்யறது?"

அப்போதுதான் தேவசகாயம் சார் மாலையோடு உள்ளே வந்தார். பெரியப்பா அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வா சார். நீதானே வாரா வாரம் வந்து என் தம்பி மூளையக் கலைச்சது? உங்காளுங்களுக்குச் சாமியும் கெடையாது, சாங்கியமும் கெடையாது. அறுத்துக் குடுக்கச் சொல்லிட்டுப் பூவோட வந்துகீறியா?"

இரண்டு பேர் பெரியப்பாவின் தோளைப் பிடித்தார்கள். வாசலில் நின்ற இளவட்டங்கள் நெருங்கி வந்தார்கள். ஒருவன் சாரின் கையிலிருந்த மாலையைப் பிடுங்கினான். ஒரு சாவு வீடு அடிதடி வீடாக மாற ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது.

சார் பின்வாங்கவில்லை. அவர் குரல் மட்டும் நடுங்கியது.

"ஐயா, நான் வேணாம்னு சொன்னவன். எங்க மார்க்கத்துல உடம்பும் எழும்பும். என் கண்ணை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். உங்க தம்பிகிட்ட சண்டை போட்டு ஒரு வாரம் பேசாம இருந்தேன். அவர் கேக்கல. அவர் சொன்னதை என் காதால கேட்டேன், அதை மட்டும்தான் சொல்ல முடியும். அதை மறைச்சா நான் அவருக்குச் சிநேகிதன் இல்ல."

பெரியப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். "நீ இன்னா சொன்னாலும் சரி. குருடா பொறக்க வுட மாட்டேன்."

"அப்பா."

கமலாதான். அவள் கை இன்னும் என் அப்பாவின் நெற்றியில்தான் இருந்தது.

"நீ சொல்றது நெசமாப்பா? கண்ணைக் குடுத்துட்டுப் போனவங்கதான் கண்ணில்லாமப் பொறப்பாங்களா?"

"ஆமாம்மா. அதான் வேணாங்கிறேன்."

"அப்போ நானும் போன ஜென்மத்துல யாருக்கோ குடுத்துட்டுதான் வந்தேனா?"

பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் கமலா தொடர்ந்தாள்.

"இத்தினி நாளா புடுங்கினவன்னு சொன்னீங்களேப்பா. எல்லாரும் சொன்னாங்க. நீயும் சொன்னே. நானும் அப்டித்தான் நெனச்சிகினு கீறேன். ராத்திரியெல்லாம் அது யாரு கண்ணா இருக்கும்னு நெனப்பேன்." அவள் அழவில்லை. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவள் மாதிரி, வார்த்தை வார்த்தையாகப் பேசினாள். "குடுத்துட்டு வந்தவன்னா பரவால்லப்பா. அதுக்கு நான் இன்னும் எத்தினி ஜென்மம் வேணாலும் இப்டியே பொறக்கலாம். சித்தப்பாவும் வரட்டும். நான் எல்லாம் சொல்லித் தரேன் அவருக்கு."

பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா அதுவரை தரையில்தான் இருந்தாள். எழுந்து, சுவரோரம் கிடந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. புதுப் பஞ்சைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, அப்பாவின் கண்களின் மேல் அவளே வைத்தாள்.

"பத்மா, எங்க கையெழுத்துப் போடணும்?"

6

ஆஸ்பத்திரி வண்டி எங்கள் தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல் காலனியைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் தெருப் பலகை கிடையாது. முனையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் எழுந்து கையைக் காட்டி நிறுத்தி, "வாத்தியார் வூடுதானே? அதோ அந்தப் பச்சை கேட்டு" என்றாராம். டிரைவர்தான் சொன்னார். யார் அந்தப் பெரியவர் என்று நாங்கள் கேட்கவேண்டியிருக்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். அப்பாவின் முகம் முன்பு இருந்தபடியே இருந்தது. முகம் சிதைந்துவிடும் என்றுதான் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம். ரவி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். பெரியப்பா சுடுகாட்டுக்கு வந்தார், எல்லாச் சாங்கியத்தையும் பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். என்னிடம் மட்டும் பேசவில்லை. பதினாறாம் நாளன்றும் பேசவில்லை. தேவசகாயம் சார் கூட்டத்தின் கடைசியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார்.

சில வருடங்களில் நாங்கள் ஆஸ்திரேலியா வந்துவிட்டோம். கிளம்பும்போது பெரியப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். திருநீறு பூசினார். "பத்தரமாப் போ" என்றார், அவ்வளவுதான். சார் போன வருடம் காலமானார். அவர் ஆசைப்பட்டபடியே முழு உடம்போடு கல்லறையில் வைத்தார்கள். போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்ததாக அம்மா போனில் சொன்னாள். ஆத்மாவைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாக நம்பினார்கள். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. "இன்னொரு நாள் சொல்கிறேன்" என்றேன். அப்பாவின் மகள்தான் நான். ஆனாலும் நாக்கு எழவில்லை.

கடைசியாக ஊருக்கு வந்தபோது பெரியப்பாவோடும் கமலாவோடும் நரசிம்மர் கோவிலுக்குப் போனேன். பெரியப்பா நன்றாகத் தளர்ந்திருந்தார். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் கமலாவும் அவரைப் பிடித்துக்கொண்டோம். கமலாவுக்கு அந்தப் பிரகாரத்தின் ஒவ்வொரு கல்லும் தெரியும். "இங்க ஒரு படி, பார்த்துப்பா" என்று அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற வெளியூர் அம்மாள் ஒருத்தி கமலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் பெரியப்பாவிடம் கேட்டுவிட்டாள்.

"பொறவியிலேயே இப்படியாங்க ஐயா? என்ன பாவமோ?"

கமலாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அசையாமல் நின்றாள்.

பெரியப்பா நிமிர்ந்தார்.

"பாவமா? இன்னாம்மா நீ! போன ஜென்மத்துல ரெண்டு கண்ணையும் யாருக்கோ குடுத்துட்டு வந்தவம்மா இவ" என்றார். குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கமலாவைத் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. கமலா குனிந்து அவர் காதில், "ரொம்பத்தான் அளக்கிறப்பா" என்றாள்.

"நடடி பேசாம" என்றார் பெரியப்பா.